மூன்று தம்ளர் தண்ணீர்

ரத்னா முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள். நடந்து நடந்து அவள் முதுகு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. சாம்பல் நிற ஸ்வெட்டர், அதற்குக் கீழே சுங்குடிச் சேலை, சேலைக்குக் கீழே மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய வெள்ளை ஷூ, கையில் போன், போனுக்குள் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிதான் தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. எனக்கு முழங்கால் வலி, பத்தடி பின்னால் வருகிறேன். ஐம்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், பாளையங்கோட்டை விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போகும்போதும் இதே பத்தடிதான். அப்போது பின்னால் நானும் வடிவும் வருவோம். ரத்னா திரும்பிப் பார்க்க மாட்டாள். பின்னால் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள் என்று அவளுக்கு ஒரு கணக்கு. கணக்கு டீச்சர். முப்பத்து நான்கு வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவள். இங்கே ரயிலில் ஏறினாலும் இறங்குகிற இடம் வரைக்கும் எத்தனை நிலையம் என்று கட்டைவிரலால் விரல் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள், சுண்டுவிரலின் அடிக்கோட்டில் தொடங்கி, விரலுக்கு மூன்றாக. நேற்று எதிரே இருந்த கிழவர் ஒருவர், அவள் ஏதோ ஜெபம் செய்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார். இது டோக்கியோவில் ஐந்தாவது நாள், கடைசி நாள். நாளைக் காலையில் விமானம். அதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். காலையில் ஹோட்டலில் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே கேட்டாள். "மாடி சும்மாதான் கெடக்கு நாச்சி. நீ மதுரையில அந்தப் பிளாட்டுல ஒத்தையில கெடந்து என்ன செய்யப்போற? நாகர்கோவிலுக்கு வந்திரு. இன்னைக்குள்ள சொல்லிரு, ஆமா." அப்புறம் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, "ஒண்ணு, எங்க வீட்டுல ஒரு கதவுக்கும் தாழ்ப்பா கெடையாது. ஒனக்குத்தான் தெரியும்லா" என்றாள். தெரியும். ஏன் கிடையாது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதற்கு அவசியமே இல்லை என்று தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

இந்தத் தெரு காலியாக இருக்கிறது. கோடிப் பேருக்கு மேல் இருக்கிற ஊர் என்கிறார்கள், ரயிலடியில் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது, இரண்டு தெரு தள்ளி வந்தால் எல்லோரும் எங்கேயோ போய்விட்டார்கள். வீடுகள் ஒன்றை ஒன்று தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு நிற்கின்றன, ஒருவர் மேல் ஒருவர் படாமல் வரிசையில் நிற்கிறவர்களைப் போல. வாசலில் தொட்டிச் செடிகள், செடிகளுக்குப் பக்கத்தில் சுவரோரமாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்கள். ஒரு வீட்டில் நான்கு, ஒரு வீட்டில் ஏழு. யாருக்கு வைத்திருக்கிறார்கள்? பூனை வராமலிருக்க என்று ரத்னா போனில் பார்த்துச் சொல்லிவிட்டாள். தண்ணீரில் வெளிச்சம் பட்டு அசைந்தால் பூனை பயந்துவிடுமாம். பூனைதானா என்று நான் கேட்கவில்லை. "ஒரு ஆளக் காணோமே" என்கிறாள் முன்னாலிருந்து, திரும்பாமல். "உள்ள இருப்பாங்க" என்கிறேன். "உள்ள இருந்தா ஒரு தட்டு முட்டுச் சத்தம் வராதா? நம்ம ஊர்ல செத்த வீட்டுலகூட நாலு பேரு சண்டை போடுவான்." சிரிக்கிறாள், அவள் சிரிப்பு இரண்டு சுவர்களுக்கு நடுவே போய் எங்கேயோ நின்றுவிடுகிறது. "ஏட்டி, செத்தவ மாதிரி நடக்காத, வெரசலா வா." வருகிறேன். தெரு முனையில் ஆரஞ்சுக் கம்பத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி, வளைவில் வண்டி வருகிறதா என்று பார்ப்பதற்கு. அதில் தெருவெல்லாம் குழிந்து, வீடுகள் உள்வாங்கி, நடுவே ரத்னா பெரிதாகவும் நான் சின்னதாகவும் எனக்குப் பின்னால் இன்னும் சின்னதாக ஒருத்தியும் வருகிறோம். நின்றுவிட்டேன். அவளும் நின்றாள். நீலமாக ஏதோ உடுத்தியிருந்தாள். திரும்பினால் தெருவில் யாருமில்லை, ஒரு வீட்டுக் கொடியில் நீலத் துணி மட்டும் தொங்குகிறது, உயரத்தில், காற்றில்லாமல். அதுவாகத்தான் இருக்கும். அதுவாகத்தான் இருக்க வேண்டும், வேறென்ன. வடிவிடம் அப்படி ஒரு நீலத் தாவணி இருந்தது என்பதால் உலகத்தில் இருக்கிற நீலமெல்லாம் அவளாகிவிடுமா?

ஆனால் அந்தத் தண்ணீர்த் தம்ளர். கண்ணாடியில் தெரிந்ததைத் துணி என்று சொல்லிவிடலாம், அதை என்னவென்று சொல்வது? முதல் நாள் ஒரு சேமியாக் கடை. ரத்னா முன்னால் நுழைந்தாள், நான் குடையை மடக்கிக் குடைத்தாங்கியில் வைத்துவிட்டுப் பின்னால் போனேன். எத்தனை பேர் என்று கேட்பார்கள் போலும், கேட்டுத்தான் இடம் கொடுப்பார்கள். நாங்கள் உட்கார்ந்ததும் ஒரு பெண் வந்து மூன்று தம்ளர் தண்ணீர் வைத்தாள். சுடுநீரில் நனைத்துச் சுருட்டிய துண்டு மூன்று. குச்சி மூன்று ஜோடி. எனக்குப் பக்கத்து நாற்காலிக்கு முன்னால் எல்லாவற்றையும் நேராக அடுக்கிவைத்துவிட்டு, அந்த நாற்காலியைப் பார்த்தும் லேசாகக் குனிந்துவிட்டுப் போனாள். "தாராளமான ஊருட்டி" என்று ரத்னா அந்தத் தம்ளரையும் எடுத்துக் குடித்தாள். இரண்டாம் நாள் வேறு பேட்டை, கிழவிகள் சிவப்பு உள்ளாடை வாங்குகிற கடைத்தெரு, அங்கே ஒரு இனிப்புக் கடை. மூன்று தம்ளர். மூன்றாம் நாள் ஆற்றைத் தாண்டி, பட்டறைகள் இருக்கிற பேட்டை, சோறு போடுகிற ஒரு சின்ன இடம், சமைக்கிறவர் கண்ணாடிக்கு மேலாக எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, இல்லை, எங்களை மட்டும் அல்ல, கதவையும் பார்த்தார், இன்னும் ஒருவர் வர வேண்டும் என்பது போலக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்று தம்ளர். நான் மெதுவாகச் சொன்னேன், "ரத்னா, எங்க வீட்டுல மூணு தோசை வைக்க மாட்டாங்க. மூணாவதப் பிட்டாவது வைப்பாங்க." "எங்க ஆளுகளுக்கு மூணு நல்ல நம்பர்லா, பிதா சுதன் எல்லாம் இருக்குல்லா" என்றாள். "ஒனக்கு வயசாயிட்டு நாச்சி." வயதாகிவிட்டது. வயதானால் கண் மங்கும், காது மந்தமாகும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள், எண்ணிக்கை கூடும் என்று யாரும் சொல்லவில்லை. இன்று மத்தியானம் பூங்காவுக்குப் பக்கத்தில் சாப்பிட்டபோது அந்த மூன்றாவது தம்ளரை ரத்னா தொடவில்லை, வயிறு நிறைந்துவிட்டது என்றாள். நாங்கள் எழுந்திருக்கும்போது பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம் குறைந்திருந்தது. பனிக்கட்டி உருகினால் கூடத்தானே வேண்டும்? அல்லது முதலிலேயே குறைவாக ஊற்றியிருப்பார்கள். எத்தனை நாள்தான் இப்படித் தண்ணீர் அளப்பது.

தெரு முடிந்து மயானம். ரத்னாவின் நீலப் புள்ளி அதற்குள்ளேயே எங்களைக் கூட்டிப் போகிறது, குறுக்கு வழியாம். ஊருக்கு நடுவே மயானம், அதற்குள் தெருக்கள், தெருக்களுக்குப் பெயர்ப்பலகை, சைக்கிள் போகும் பாதை. கல்லறைகளுக்குப் பின்னால் உயரமான மெல்லிய பலகைகளைக் கொத்துக் கொத்தாகச் செருகி வைத்திருக்கிறார்கள், கறுப்பு மையில் எழுதியவை. காற்று வந்தால் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. டக். டக் டக். தட்டுகிற சத்தம். இந்தச் சத்தம் ரத்னாவுக்குக் கேட்கக் கூடாது என்று நினைக்கிறேன், ஆனால் அவள் நின்றுவிட்டாள். போனைப் பார்க்கிற மாதிரி நிற்கிறாள். தட்டுகிற சத்தம் எங்கே கேட்டாலும் அப்படித்தான் நிற்பாள், ஐம்பத்தோரு வருஷமாக. ஹோட்டலில் அறைக்கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. அவள் ராத்திரி தன் ஷூ ஒன்றை எடுத்து இடுக்கில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறாள். விரற்கடை அளவு திறந்திருக்கும், அந்த வழியாகத் தாழ்வாரத்து வெளிச்சம் ஒரு நூலைப் போல என் படுக்கை வரைக்கும் வரும். விடிந்ததும் அதை எடுத்துப் போட்டுக்கொள்வாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், அன்றைக்கு, வடிவை எடுத்துப் போன பிறகு, குளியலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு. "நான் முழிச்சுத்தான் கெடந்தேன் நாச்சி. மூணு தட்டு தட்டுனா. காலையில போட்ட சண்டைக் கோவத்துல தாழ்ப்பாளப் போட்டேன், தட்டட்டும்னு கெடந்தேன். எந்திரிக்கல. அப்புறம் சத்தம் இல்ல." அந்தச் சண்டை ஒன்றுமில்லாத சண்டை, தன் துண்டை வடிவு எடுத்தாள் என்று. நான் அப்போது அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். தடவிக்கொடுத்த அந்தக் கை எழுதிய கை.

எழுதினேன். அதை நினைக்காமல் இந்தக் கற்களுக்கு நடுவே நடந்துவிட முடியுமா என்று பார்க்கிறேன், முடியவில்லை. விடுதி வாசலில் ஒரு பதிவேடு. மூன்று பேருக்குக் குறைந்து வெளியே விட மாட்டார்கள், மூன்று பேராய்ப் போனவர்கள் மூன்று பேராய்த்தான் ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும், ஒருத்தி குறைந்தாலும் மூன்று வீட்டுக்கும் கடிதம் போகும். ஐப்பசி மாதம், மழை. ரத்னா வழக்கம்போல முன்னால், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டுக்குள் ஓடிவிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் பின்னால் வருகிறோம். ஆனால் வடிவு இரண்டு தெரு முந்தியே நின்றுவிட்டாள். அந்த வாரம் வீட்டிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருந்தது, பரீட்சை எழுத வேண்டாம், தை மாதம் கல்யாணம் என்று. "ஆத்தங்கரையில கொஞ்ச நேரம் இருந்துட்டு வாரேன் நாச்சி. மூணு பேருன்னு போட்டுரு. பின்னாலயே வந்திருதேன்" என்றாள். என் தோளுயரம்தான் அவள், மூக்கு நுனியில் மழைத்துளி நின்றது. சிரித்தாள். நான் வாசலில் நின்று, நனைந்த விரலால் பேனாவைப் பிடித்து, வந்த நேரம் ஆறு, வந்தவர்கள் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மை ஊறி மூன்று பெரிதாக மலர்ந்தது. சாப்பாட்டு மணி அடித்தது, படிப்பு மணி அடித்தது, படுக்கை மணி அடித்தது. நாங்கள் மூன்று பேரும் இருந்த அறைக்கு ரத்னா தாழ்ப்பாள் போட்டாள், வடிவு வாசிப்பு அறையில் இருக்கிறாள் என்று அவள் நினைப்பு. நான் வார்டனிடம் போகவில்லை. போயிருந்தால் பொய்க் கையெழுத்து தெரிந்துவிடும். இப்போது வந்துவிடுவாள், இப்போது வந்துவிடுவாள் என்று கண்ணை விழித்துக் கதவைப் பார்த்தபடி படுத்திருந்தேன். மறுநாள் வண்ணார்பேட்டைக்குக் கீழே ஆறு அவளைக் கொடுத்தது. இறங்கினாளா, வழுக்கினாளா, யாருக்கும் தெரியாது. துணி வெளுக்கிற ஒருவர் வந்து சொன்னார், எட்டு மணி வரைக்கும் அந்தப் பிள்ளை படித்துறையில் மழையில் உட்கார்ந்திருந்தது, நான் பார்த்தேன் என்று. அவரை வெளியே போகச் சொன்னார்கள். ஆறு மணிக்கு உள்ளே வந்தவள் எட்டு மணிக்கு எப்படிப் படித்துறையில் இருப்பாள், பதிவேட்டில் மூன்று என்று இருக்கிறதே. வந்திருக்கிறாள், பிறகு சுவரேறிப் போயிருக்கிறாள். கதவு திறக்காததால் என்று ரத்னா தனக்குள் சேர்த்துக்கொண்டாள். அப்படித்தான் முடிந்தது. இரண்டு என்று எழுதியிருந்தால் ஆறேகாலுக்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு தேடப் போயிருப்பார்கள். எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தவளை. எட்டு மணி வரை.

மயானம் முடிந்து மறுபடியும் வீடுகள், பாட்டில்கள். வெளிச்சம் சீக்கிரம் போகிறது இங்கே, நாலரைக்கே சாம்பல். மாடி அறையை நினைத்துப் பார்க்கிறேன். சன்னலில் தென்னை, கீழே ரத்னா ரேடியோவைப் போட்டுக்கொண்டு கீரை ஆய்வாள். சரி, வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவுகளுக்கு நடுவே ஒவ்வொரு ராத்திரியும் நான் படுக்க வேண்டும், அவள் எனக்காகச் சுமக்கிறாள் என்று தெரிந்துகொண்டே, காலையில் அவள் போடுகிற காபியைக் குடிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்விடலாம். காரணம் கேட்பாள். காரணத்துக்கு முழங்காலைச் சொல்லலாம், மாடிப்படி ஏற முடியாது என்று. முழங்கால் எத்தனை காரணத்தைத்தான் தாங்கும். "நாச்சி, இந்தா ஒரு காபிக் கடை. உக்காருவோம். காலு வலிக்கா?" "வலிக்கி." "அப்ப வா."

பழைய கடை, மரக்கதவு, கதவில் ஒரு மணி. உள்ளே சூடு. ரத்னாவின் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, நின்று சேலைத் தலைப்பால் துடைக்கிறாள், அதனால்தான் ஐந்து நாளில் முதல் தடவையாக நான் அவளை எட்டிப் பிடித்தேன், அவள் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறேன். எதிரே காபி கொதிக்கிற மேடை, மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதில் நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேர்தான், எண்ணிவிட்டேன். வெள்ளை ஏப்ரன் கட்டிய வயதான பணிப்பெண் ஏதோ கேட்கிறாள். ரத்னா வலது கையைத் தூக்குகிறாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தி, உள்ளங்கையை வெளியே காட்டி, கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடிக்கோட்டைத் தொட்டு ஒன்று, நடுக்கோட்டைத் தொட்டு இரண்டு, அங்கேயே நிறுத்துகிறாள். கண்ணாடியில் பார்க்கிறேன். சுண்டுவிரல் மடங்கிக் கட்டைவிரலுக்குள் மறைந்துவிட்டது. மிச்சம் மூன்று விரல்கள் நேராக நிற்கின்றன. பணிப்பெண் தலையாட்டுகிறாள். மூன்று.

இதுதானா? சேமியாக் கடையிலும் இனிப்புக் கடையிலும் சோற்றுக் கடையிலும் இந்தக் கைதானா? சிரிப்பு வர வேண்டும். ரத்னாவிடம் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். உட்கார்ந்தேன். எனக்கு நிம்மதியாக இல்லை, நெஞ்சுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருக்கிறது. ஐந்து நாளாக நான் பயந்தேன் என்றா நினைத்தேன்? பயத்துக்குள்ளே ஒரு சின்ன இடத்தில், கடைசியில் வந்துவிட்டாளே, பின்னாலேயே வருகிறேன் என்றவள் ஐம்பத்தோரு வருஷம் கழித்தாவது வந்துவிட்டாளே என்று உட்கார இடம் போட்டு வைத்திருந்தேன். அவள் வரவில்லை. இந்தத் தடவையும் வரவில்லை. இரண்டு பேர் வந்ததை மூன்று என்று ஒரு கை காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ரத்னாவின் கை தெரியாமல் காட்டியது. பணிப்பெண் மூன்று தம்ளர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், தப்பு தன்னுடையதுதான் என்பது போலக் குனிந்து மூன்றாவது தம்ளரை எடுக்கக் கை நீட்டினாள். நான் அந்தத் தம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். சில்லென்று இருந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"என்னட்டி?" என்றாள் ரத்னா.

"அன்னைக்கு வடிவு கேட்டுக்குள்ள வரல" என்றேன். சொன்ன பிறகு அது மிகச் சின்ன வாக்கியமாக இருந்தது. "நீ முன்னால ஓடிட்ட. வந்தது நம்ம ரெண்டு பேருதான். நாந்தான் மூணுன்னு எழுதுனேன். அவ எழுதச் சொன்னா, எழுதுனேன். அந்த வெளுக்கிறவர் சொன்னது நெசம். அவ உள்ள வரவே இல்ல ரத்னா. நீ பூட்டுனது யாரையும் இல்ல."

மேசை மேல் கிடந்த ரத்னாவின் வலது கையில் கட்டைவிரல் அசைந்தது, அடிக்கோடு, நடுக்கோடு. அங்கே நின்றது. மூன்றாவது கோட்டுக்குப் போகவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொட்டாள், மறுபடியும் இரண்டில் நின்றது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். வெளியே தெருக் கம்பங்களில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தது. சொல் இல்லாத ஒரு மெட்டு, தினமும் இந்த நேரத்துக்கு, வெளியே இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக. பக்கத்துக் கம்பத்தில் முதலில், அடுத்த தெருவில் கொஞ்சம் பிந்தி, மயானத்துப் பக்கம் இன்னும் பிந்தி, ஒரே பாட்டு தன்னைத்தானே பின்தொடர்ந்து போனது.

"உள்ளயே வரலயா" என்றாள் கடைசியில்.

"வரல."

"நீ முழிச்சிருந்தியா?"

"விடியுற வரைக்கும். கதவத்தான் பாத்துட்டுக் கெடந்தேன்."

"ஒனக்குத் தட்டுன சத்தம் கேக்கலயா?"

"இல்ல." இத்தனை வருஷமும் அதை அவளுடைய துக்கம் உண்டாக்கிய சத்தம் என்றே நினைத்திருக்கிறேன்.

ரத்னா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கூட்டல் ஒன்று தப்பிவிட்டால் பிள்ளையின் பலகையை எடுத்துப் பார்ப்பாளே, அந்த முகம். "எனக்குக் கேட்டுச்சு நாச்சி. மூணு தட்டு. நான் முழிச்சுத்தான் இருந்தேன், கனா ஒண்ணும் இல்ல. எம் பேரச் சொன்னா. ரத்னா, தொறன்னு. அத ஒங்கிட்டகூடச் சொல்லல." தம்ளரை மூடியிருந்த என் கையை ஒரு விரலால் விலக்கினாள். "அவ வரலேன்னா, தட்டுனது யாரு?"

காபி வந்தது, நாங்கள் குடிக்கவில்லை. அவள் எழுந்து ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனாள், நான் பின்னால். கதவைத் திறந்தாள், மணி அடித்தது. வாசற்படியில் நின்றாள். அப்புறம், அவளைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தாண்டி, கொஞ்சம் கீழே, என்னைவிட உயரம் குறைந்த ஒருத்தி நின்றால் முகம் எங்கே இருக்குமோ அங்கே பார்த்தாள். கதவை மூடாமல், ஷூ முனையால் அண்டக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரல் மெதுவாகச் சுண்டுவிரலில் ஏறியது. அவள் எண்ணி முடிக்கட்டும் என்று நான் திரும்பாமல் நின்றேன்.